மச்சான் குளித்த பிறகு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பல்செட் இப்போதே கழன்று மடியில் விழட்டும்.

என் மனைவிக்குக் காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் ஊறினால்தான் சட்டைப் பொத்தானையாவது பிடிக்க முடியும். ஆனால் அவளுக்கு முன்னால் அவள் தம்பி, அதாவது என் மச்சான், குளியலறைக்குள் புகுந்துவிடுவான். பதினொரு பாட்டுப் பாடாமல் ஷவரை மூடமாட்டான். அவளுக்கு மிஞ்சுவது பச்சைத் தண்ணீர்.

வெந்நீர்த் தொட்டியின் இடுப்பில் தெர்மோஸ்டாட் என்று ஒரு திருகு உண்டு. அறுபது டிகிரியில் நின்றது. சீக்கிரம் சூடாகட்டுமே என்று, மச்சான் வெளியே வந்த கையோடு எண்பதுக்குத் திருப்பினேன். ஐந்தே நிமிடத்தில் அவள் உள்ளிருந்து கத்தினாள்.

"பல்லு தந்தியடிக்குதுங்க!"

மறுநாள் முதலில் நுழைந்தவன் மச்சான். கிளம்பிய ஆவி கூடத்தில் மேகமாகத் திரண்டு, சோபாமேல் சாரல் அடித்தது. குடை பிடித்துத்தான் பேப்பர் படித்தேன். உதிர்ந்த பாதி மீசையைக் கையில் ஏந்தியபடி அவன் ஓடிவந்தான்.

"அத்தான், என்னைக் குளிக்க வச்சீங்களா, வேக வச்சீங்களா?"

எலக்ட்ரீஷியன் அம்மாவை வரவழைத்தேன். திருகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது என்ன வண்டியா, முறுக்கினா வேகமா போக? இது வெறும் சுவிட்ச். தண்ணி ஆறினா ஹீட்டரைப் போடும், வச்ச சூடு வந்ததும் அணைக்கும். எண்பதுல வச்சாலும் அதே வேகத்துலதான் காயும். நிக்கிற இடம்தான் தள்ளிப் போகும்."

"அப்போ இவளுக்கு?"

"அறுபதுலயே விடுங்க. அவர் பாட்டெல்லாம் பாடாம சட்டுனு குளிச்சு முடிக்கணும், அப்புறம் முக்கால் மணி நேரம் பொறுக்கணும். அவ்வளவுதான்."

"பாடாம எப்படிக்கா குளிக்கிறது?" என்று மச்சான் என் மனைவியிடம் கலங்கினான்.

"பாடுடா, யாரு வேணாங்கிறா? குளிச்சிட்டு வெளியே நின்னு பாடு" என்றாள் அவள்.

மறுநாள் மூன்றே நிமிடத்தில் குளித்துவிட்டு, தொட்டியில் சாய்ந்துகொண்டு பதினொன்றையும் பாடினான். கடைசிப் பாட்டு முடியவும் தெர்மோஸ்டாட் 'டக்' என்று அணைந்தது. அதற்கும் அதற்குமேல் தாங்கவில்லை போலும்.

அவள் குளித்துவிட்டு வந்து, முதல் வேலையாக என் காதைப் பிடித்துத் திருகினாள். "எண்பதுக்கா திருப்பினீங்க?" ஐந்து விரலும் நன்றாக மடங்கியிருந்தன. வலித்தது. இன்னொரு காதையும் காட்டினேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த வீட்டில் குளிப்பவன் நான் ஒருவன்தான். பல்செட்டா? அது மடியில்தான் கிடக்கிறது.