ஐந்து நாற்காலிக்குச் செங்கல்

ஐந்நூற்று எட்டு கல் என்று நான் சொன்னதும், வீட்டுக்கு இடம் பார்க்க வந்திருந்த செங்கல் கடைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாகத் தைக்கிறேன். இந்த உடம்புக்கு இத்தனை துணி என்று நான் சொன்னால் துணிக்கடைக்காரன் வாயைத் திறக்க மாட்டான். இவர் பார்த்த பார்வை எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் தரையில் செங்கல் பாவ வேண்டும். எனக்குத் தெரிந்த வழியில்தான் அளவெடுத்தேன். பழைய செய்தித்தாள்களைக் குண்டூசியால் சேர்த்து, பன்னிரண்டு அடிக்குப் பத்தடி பேப்பர் கட்டிங் போட்டு மண்ணில் விரித்தேன். புதிதாக வாங்கிய ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அதன்மேல் வைத்து, இடிக்காமல் நடக்க முடிகிறதா என்று நடந்து பார்த்தேன். மகன், மருமகள், பேத்திகள் இருவர், நான். காகிதத்தைச் சுருட்டி எடுத்துவிட்டாலும் நாற்காலிகளை எடுக்க மனம் வரவில்லை. பத்து நாளாக அங்கேயே கிடக்கின்றன.

"கல்லு ஒம்பது அங்குலத்துக்கு நாலரை. நீங்க எப்படிப் போட்டீங்க டெய்லரம்மா?"

"எட்டரைக்கு நாலு. அரை அங்குலம் தையலுக்குப் போயிடுமே."

அவர் சிரித்துவிட்டார். "துணியத் தைச்சா உள்ள மடங்கும், அளவு கொறையும். கல்லு எங்கம்மா மடங்கும்? நடுவுல அரை அங்குலம் கலவை வைப்போம், அதுவும் எடத்த அடைக்கும். ஒம்பதரைக்கு அஞ்சுன்னு போடுங்க."

அவரே போட்டார். முந்நூற்று அறுபத்து நான்கு, உடைசலுக்குப் பதினாறு, ஆக முந்நூற்று எண்பது. கால்வாசிக் காசு மிச்சம். எனக்கு வெட்கமாக இருந்தாலும் சந்தோஷமாகவும் இருந்தது.

என் வீடு ஒரே கூடம். மெஷின், வெட்டும் மேஜை, துணி மூட்டை போக மிச்சமிருப்பதுதான் மனுஷருக்கு. மூன்று வருஷத்துக்கு முன்பு மகன் குடும்பத்தோடு வந்தபோது சின்னவள் காலில் குண்டூசி ஏறிவிட்டது. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனார்கள். போன மாதம் போனில் கூப்பிட்டபோது, "அங்க உக்கார எடம் எங்கம்மா இருக்கு?" என்றான் மகன். விளையாட்டாகச் சொன்னானோ, சாக்குச் சொன்னானோ, நான் அதை அளவாக எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் பின்பக்கம் இறங்கினார். முந்தாநாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. நாற்காலிகளைச் சுற்றி வந்தவர், ஒன்றின் அருகே நின்றார். சாயங்காலங்களில் கொக்கி தைக்க நான் உட்காருவது அதில்தான். அதன் கால்கள் இரண்டு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியிருந்தன. மற்ற நான்கும் வைத்தது வைத்தபடி மேலேயே நின்றன.

"எத்தன பேரும்மா உக்காருவீங்க?"

"அஞ்சு பேரு."

காதிலிருந்த பென்சிலை மறுபடி எடுத்தார். "இப்போதைக்கு அஞ்சடிக்கு அஞ்சடி போட்டுக்கலாமே. எண்பது கல்லு போதும். வேணும்னா அப்புறம் பெருசாக்கிக்கலாம்."

"முந்நூத்தி எண்பதே அனுப்புங்க," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பாவம், என்ன செய்வார்? காலையில் கொத்தனாரை அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

மகனுக்குப் போன் போட்டேன். "அஞ்சு பேரு தாராளமா உக்காரலாம்டா," என்றேன்.

"நல்லதும்மா. லீவு இன்னும் முடிவாகல. நீ எதையும் இழுத்துப் போட்டுக்காத." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டான்.

வெயில் தாழ்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரோடு பின்னால் போனேன். கொத்தனாரும் வந்து நாற்காலிக் கால்களைப் பார்ப்பாரே. நான்கு நாற்காலிகளின் அடியிலும் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டேன். முதலில் மகனுடையதில் அழுத்தி உட்கார்ந்தேன். நன்றாக இறங்கியது. அடுத்து மருமகளுடையது. பிறகு பெரியவளுடையது.

சின்னவளுக்கு எடை குறைவு. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கால்கள் லேசாகப் பதிந்ததுமே எழுந்துகொண்டேன்.