எடுக்கப் போகாத பந்து

நீலச்சட்டைக்காரர்களை எப்படி மடக்குவது என்று அந்த வருடம் கேட்காத ஆளில்லை. முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. லீக்கில் அந்த அணியை யாரும் தோற்கடிக்கவில்லை. நாங்களோ பட்டியலின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தோம். எங்கள் கடைசி ஆட்டம் அவர்களோடுதான். டிரா செய்தால் தப்பிப்போம், தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போவோம். ஜெயிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த அளவுக்கு எங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை.

நான் எங்கள் அணியின் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். தலைமைப் பயிற்சியாளர் என் அக்காவின் கணவர். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் கோச், எனக்கு மட்டும் மாமா. அந்தச் சமயத்தில் அக்கா அவரோடு இல்லை. மகளையும் ஒரு சாம்பல்நிற சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு என் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டாள். பகலெல்லாம் நான் புருஷனோடு, சாயங்காலம் ஆனால் பெண்டாட்டியோடு. அவர் அவளைப் பற்றிக் கேட்கமாட்டார். அவள் அவரைப் பற்றி மட்டும்தான் கேட்பாள். நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பதே என் பிழைப்பாகிவிட்டது.

மாமா கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், வீட்டில் குரலை உயர்த்தமாட்டார். வீட்டில் அவருக்குக் குரலே இல்லை என்பதுதான் பிரச்சினை. அக்கா பேசினால் பதில் வரும். அவராக வாயைத் திறந்து எதையும் ஆரம்பிக்கமாட்டார். சண்டை வந்தால், அவள் சமாதானத்துக்கு வரும்வரை பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவள்தான் இறங்கி வந்திருக்கிறாள். இந்தத் தடவை சூட்கேஸை எடுத்தாள். அவர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலச்சட்டைக்காரர்களின் ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஃபுட்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தூண்டில் தெரிந்தால் போதும். அவர்கள் பந்தைத் தூக்கி அடிக்கவே மாட்டார்கள். கோல்கீப்பர் பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்கு மெல்லத் தட்டுவான். அவன் பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப் போல நிற்பான். பார்க்கிற எவனுக்கும் ரத்தம் கொதிக்கும். பறிக்க ஓடுவான். அவன் விட்டுவிட்டு வந்த இடம் காலியாகும் இல்லையா, பந்து அங்கே போகும். அதை அடைக்க இன்னொருவன் ஓடி வருவான், அவன் விட்ட இடத்துக்குப் போகும். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோல். எல்லா அணியும் என்னென்னவோ செய்து பார்த்தது. சிலர் வெறிபிடித்த மாதிரி துரத்தினார்கள். நாக்குத் தள்ளியதுதான் மிச்சம். சிலர் மொத்தப் பேரையும் தங்கள் கோலுக்கு முன்னால் சுவராக நிறுத்தினார்கள்; நீலச்சட்டைகள் பொறுமையாகச் சுற்றி வந்து செங்கல் செங்கலாக உருவினார்கள்.

மாமாவின் அறை பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில், சட்டைகளைத் துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. எப்போதும் ஈரத்துணி வாடை. வாஷிங் மெஷின் சுற்றினால் அவர் மேஜை நடுங்கும். அங்கே உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு, அவர்களுடைய ஆட்டங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு மாப்ள."

ஏதோ ஒரு பழைய ஆட்டம். எதிரணியின் முன்வரிசைக்காரன் ஒருவனுக்குக் காலில் பிடித்துக்கொண்டது. ஓட முடியாமல் நடு வட்டத்தின் ஓரமாகவே நின்றுவிட்டான். பந்தின் மேல் கால் வைத்திருந்த நீலச்சட்டை, இவன் வருவான் வருவான் என்று பார்த்தான். வரவில்லை. காலை மாற்றி வைத்தான். அப்புறமும் வரவில்லை.

"இப்ப அவன் மூஞ்சிய பாரு," என்றார் மாமா.

அவன் தலையைத் திருப்பித் தன் பெஞ்சைப் பார்த்தான். பரீட்சை ஹாலில் தெரியாத கேள்வி வந்தவன் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"யாராவது வந்தாத்தான் அவங்களுக்கு ஆட்டம். யாருமே வரலைன்னா என்ன பண்றதுன்னு அவங்களுக்கு எவனும் சொல்லிக் கொடுக்கல. நம்ம போகக் கூடாது மாப்ள. பின்னாடி போய்ப் பதுங்கவும் கூடாது. நடுவுல நின்னுக்கிட்டு, வாடான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஆளின் மூளையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

அன்றிலிருந்து ஓடாமல் இருப்பதற்குப் பயிற்சி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். வாழ்நாள் முழுக்க ஓடியே சோறு தின்ற பயல்களை நிற்கவைத்துப் பாருங்கள், தெரியும். தொந்தியும் தொப்பையுமாக நான்தான் நீலச்சட்டை வேஷம் கட்டினேன். பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவேன், காதைக் குடைவேன், அவர்கள் பெண்டாட்டிமாரை நலம் விசாரிப்பேன். முன்வரிசையில் இருந்தவனுக்குக் குதிரை என்று பெயர். ஓட்டத்தால் வந்த பெயர். அவன் தொடை துடிப்பது எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். திடீரென்று பாய்ந்துவிடுவான்.

"போகாத!" என்று மாமா கத்துவார். வீட்டில் உப்பைக்கூட வாய்விட்டுக் கேட்காத மனிதர், கோட்டுக்கு வெளியே நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். "போகாதடா! போகாத!"

"கோச், பால் குடி மறந்ததுல இருந்து ஓடு ஓடுன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க," என்றான் குதிரை. "இப்ப நில்லுன்னா, காலுக்கு என்ன சுவிட்சா இருக்கு?"

"இருக்கு. நான்தான் சுவிட்ச். என் குரல் கேட்டா நில்லு."

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றல் கேட்டிருந்தாள்; கிடைத்துவிட்டது. கடைசி ஆட்டம் நடக்கும் அன்று சாயங்காலம் ரயில். போனால் போனதுதான், மகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேயே பார்த்தாகிவிட்டது. துணிகளை மடித்துக்கொண்டே அதைச் சொன்னாள்.

"அவர்கிட்ட சொல்லட்டுமாக்கா?"

"சொல்லு. மாற்றல் வந்ததையும் சொல்லு, ரயிலையும் சொல்லு. கூப்பிடுன்னு மட்டும் சொல்லாத. நீ சொல்லி அவர் வந்தா அது வந்ததாகாது."

"வந்தா இருப்பியா?"

மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள். "எனக்குப் பெரிய பேச்செல்லாம் வேணாம்டா. அவரா என் முன்னாடி வந்து நிக்கட்டும். போகாதன்னு ஒரு வார்த்தை. சூட்கேஸத் திருப்பிக் கொண்டுபோய் அந்த வீட்டுலயே வச்சிடறேன்."

மறுநாள் மாமாவிடம் சொன்னேன். ரயிலைச் சொன்னேன். கூப்பிடச் சொல்லாதே என்றவள் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு அதையும் சொன்னேன். வாஷிங் மெஷின் ஓடி முடியும்வரை அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போனா என்ன ஆகும் சொல்லு? இத்தனை வருஷத்துக் கணக்கையும் எடுத்து வைப்பா. ஒண்ணுக்குப் பதில் சொல்லப் போனா இன்னொண்ணு திறக்கும். நிக்கணும் மாப்ள. நின்னா அவளே வருவா. எப்பவும் வந்திருக்கா."

"மாமா, அது ஃபுட்பால். இது அக்கா."

"எல்லாம் ஒண்ணுதான்," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைத் தூக்கி வாஷிங் மெஷினுக்குள் போடலாம் போலிருந்தது.

ஆட்டத்தன்று காலையிலிருந்தே தூறல். பிற்பகலில் படிக்கட்டுகள் நிரம்பின. நீலச்சட்டைகள் வழக்கம்போல் ஆரம்பித்தார்கள். கோல்கீப்பர் தட்டினான், தடுப்பாட்டக்காரன் பந்தின் மேல் காலை வைத்தான். எங்கள் பயல்கள் நடு வட்டத்தின் ஓரமாக வரிசைகட்டி நின்றார்கள். அவன் காத்திருந்தான். இவர்களும் காத்திருந்தார்கள். மைதானத்தில் மழையைத் தவிர எதுவும் அசையவில்லை. முதலில் நீலச்சட்டைக் கூட்டம் கேலி செய்தது. அப்புறம் எங்கள் கூட்டமே ஊளையிட ஆரம்பித்தது. "சிலை வைக்கிறதுக்கா காசு குடுத்து வந்தோம்?" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் கத்தினான். தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து விழுந்தது. "போகாத! போகாத!" என்ற மாமாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது அந்தத் தடுப்பாட்டக்காரன் தலையைத் திருப்பித் தன் பெஞ்சைப் பார்த்தான். வீடியோவில் பார்த்த அதே பார்வை. அப்புறம் பந்தை ஆத்திரத்தோடு தூக்கி அடித்தான். அது யாருக்கும் இல்லாமல் வெளியே போய் விழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

இடைவேளைக்குப் போகும்போதுதான் அக்காவைக் கவனித்தேன். எதிர்ப்பக்கப் படிக்கட்டின் முதல் வரிசையில், கம்பித் தடுப்பை ஒட்டி, மகளோடு குடைக்குள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அந்தச் சாம்பல்நிற சூட்கேஸ் மூன்றாவது ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"பார்த்தேன்," என்றார் மாமா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. அவர் முகம் மலர்ந்திருந்தது. "சொன்னேன்ல மாப்ள? வந்துட்டா பாரு."

"மாமா, சூட்கேஸோட வந்திருக்காங்க. ஸ்டேஷன் போற வழி. உங்களுக்குக் கடைசியா ஒரு வாய்ப்புக் குடுக்க வந்திருக்காங்க."

"வந்திருக்கால்ல?" என்றார்.

இரண்டாம் பாதி முடியப்போகும் நேரத்தில் குதிரை ஓடிவிட்டான். கூட்டம் அவனைக் கோழை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவனும் மனுஷன்தானே. அந்த நொடியில் மாமா இருமிக்கொண்டிருந்தார், சுவிட்ச் வேலை செய்யவில்லை. பந்து அவன் விட்ட இடத்துக்குப் போனது, அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு, அங்கிருந்து எங்கள் கோலுக்கு. கம்பத்தில் மோதிய சத்தம் என் பல்லில் கேட்டது. திரும்பி வந்த பந்தை எங்கள் கீப்பர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் படுத்துவிட்டான். குதிரை தலையைக் குனிந்தபடி நடந்து வந்து தன் இடத்தில் நின்றான். அப்புறம் யாரும் போகவில்லை. விசில் ஊதியது. கோல் இல்லை. தப்பித்துவிட்டோம்.

ஊளையிட்ட அதே கூட்டம் எங்களைத் தோளில் தூக்கப் பாய்ந்தது. பயல்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். கூட்டம் அவர்களைத் தூக்கிக்கொண்டு உடைமாற்றும் அறைப் பக்கம் போன பிறகும் மாமா மட்டும் கோட்டை விட்டு நகரவில்லை. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். அங்கே அக்கா குடையை மடக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் காலி மைதானம்.

"மாமா, போங்க."

"இரு. வருவா."

அவருக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. நான் அங்கே நிற்கப் பிடிக்காமல் மைதானத்துக்குக் குறுக்கே ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்தபோது, அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"உன்னை யாருடா வரச் சொன்னது?"

"அக்கா, அவர் அங்கதான் நிக்கறார்."

"தெரியுது. நல்லாவே நிக்கறார்."

மகள் அப்பாவைப் பார்த்துக் கையாட்டினாள். அவரும் கையாட்டினார். அவ்வளவுதான். படிக்கட்டுகள் மெல்லக் காலியாகின. மழை வலுத்தது. அக்கா அப்போதும் நின்றுகொண்டிருந்தாள். ஒரே ஓர் அடி அவர் முன்னால் வைத்திருந்தால் மிச்ச மைதானத்தை இவள் ஓடியே கடந்திருப்பாள், எனக்குத் தெரியும்.

"ஆட்டம் முழுக்க அந்தப் பசங்களப் பார்த்துப் போகாத போகாதன்னு தொண்டை கிழியக் கத்தினார்," என்றாள் கடைசியில். "எனக்கு அதுல ஒண்ணு மிச்சம் வச்சிருக்கக் கூடாதாடா?"

சூட்கேஸின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள். அதன் சக்கரங்கள் படிக்குப் படி இடித்துக்கொண்டு மேலே போயின. மகள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவர்கள் வாசலுக்குள் மறைந்துவிட்டார்கள்.

நான் மைதானத்தைக் கடந்து திரும்பி வந்தபோது மாமா இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். அவள் போனதைப் பார்த்திருக்கிறார். காலை மாற்றி வைத்தார். பிறகு தலையைத் திருப்பிப் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் யாரும் இல்லை, ஈரத் துண்டுகள் மட்டும் கிடந்தன. அங்கிருந்து என்னைப் பார்த்தார்.

என்ன செய்யவேண்டும் என்று எனக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.