மறதிச் சான்றிதழ்

லுவோயாங் நகரத்து மருத்துவமனை ஒன்றில், மின் அக்குபங்சர் ஊசி போடும் கூடத்தின் நான்காவது கட்டிலில் குய்லான் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடது விலாவோரம் எட்டு ஊசிகள். அவற்றில் மாட்டிய கம்பிகளில் சிறு மின்சாரம் ஓட, ஊசித் தலைகள் மெல்லத் துடித்தன. அக்கி ஆறி ஒன்பது மாதமாகியும் அந்த இடத்து நரம்பு எரிச்சல் ஆறவில்லை. முப்பது வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்தவள், இப்போது சட்டைத் துணி உரசினாலே துடித்தாள். தூக்கம் போயிற்று. தூக்கத்தோடு நினைவும் தேயத் தொடங்கியது. அடுப்பில் கஞ்சியை மறந்தாள். ஒருநாள் பேத்தியைப் பள்ளி வாசலிலேயே மறந்தாள்.

அவள் வீட்டிலேயே குடும்பத்தோடு இருந்த மகன் லெய்க்கு அது போதுமாயிருந்தது. முதியோர் இல்லத்தில் இடம் பேசி வைத்துவிட்டான். மறதி நோய் என்று மருத்துவர் எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஊசி வைத்தியத்துக்கு அழைத்து வந்தது, எல்லாம் செய்து பார்த்தோம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளத்தான். இந்த ரக மகன்களுக்குப் பெற்றவளைத் தள்ளிவிடக் கூச்சமில்லை. தள்ளிவிட்டான் என்ற பேர் மட்டும் ஆகாது.

முதல் நாள் மருத்துவர் நிங் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவனே பதில் சொன்னான். அம்மாவுக்கு மாதம் தெரியாது, கணக்கு வராது, வலி என்பது வெறும் பிரமை. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். பக்கத்துக் கட்டிலில் முகவாதத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் பாவ், கோணிய வாயோடு, "டாக்டரம்மா, ரெண்டு ஊசி மிச்சமிருந்தா அந்தத் தம்பி வாயில குத்துங்க" என்றார். கூடம் சிரித்தது. குய்லான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு லெய் வரவில்லை. வாரம் மூன்று முறை அவளே பேருந்து ஏறி வந்தாள். ஆறாவது வாரம் எரிச்சல் பாதியாகியிருந்தது. இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினாள். புத்தியைச் சோதிக்க நிங் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது ஒரே இடத்தில்தான் தடுமாறினாள்.

ஏழாவது வாரம் சான்றிதழ் வாங்க லெய் வந்து நின்றான். இல்லத்துக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்களாம். அம்மா அப்போதுதான் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே, எழுதிக் கொடுத்தால் போய்விடுவேன் என்றான்.

நிங் பேனாவைத் திறந்தாள். "அம்மாவுக்கு எந்தப் பக்கம் வலி?"

லெய் முதன்முறையாக அம்மாவைப் பார்த்தான். அந்த முகம் அவனுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"முதுகுல... வலது பக்கம்."

குய்லானின் கை இடது விலாவோரம் போயிற்று.

நிங் பேனாவை மூடினாள். "மறதி நோய்னு நான் எழுத மாட்டேன். இவங்களைத் தூங்கவிடாம பண்ணினது வலி. அது குறையக் குறைய புத்தி தெளிஞ்சுட்டு வருது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குய்லான் கையை உயர்த்தினாள்.

"இல்லத்துக்கு நான் வரலைடா. என் வீட்டுலயே இருந்துக்கறேன்," என்றாள். குரல் உயரவில்லை. "இத்தனை மாசம் ஒரே மேசையில சாப்பிட்டோம். ஒரு மனுஷி வலிக்குதுன்னு சொன்னா, புத்தி போச்சுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி, எங்க வலிக்குதுன்னாவது கேக்கணும். உனக்கு அது ஒரு நாளும் தோணலை."