சுவரில் முட்டுகிற வேலை

விடிவதற்குள் மாப்பிள்ளையை ஒரு ஓட்டல் முழுக்கச் சுவரில் முட்டவிட்டாக வேண்டும்.

சீவலப்பேரியிலிருந்து வருகிற சாயங்காலப் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து, தச்சநல்லூர் அரிசி குடோனின் மேல்மாடியில் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தான் பாக்கியசீலன். வீடியோ கேம் திரையில் கோட்டு சூட்டோடு ஓர் உளவாளி நின்றான். எந்நேரமும் கோட்டு போட்டிருந்ததால் அவனுக்கு இங்கே மாப்பிள்ளை என்று பெயர். அவன் ஒவ்வொரு சுவராகப் போய் முட்ட வேண்டும். நல்ல சுவர் என்றால் நிற்பான். கெட்ட சுவர் என்றால் உள்ளே புகுந்து, அடியே இல்லாத சாம்பல் வெளியில் விழுந்துகொண்டே இருப்பான். அவன் விழுவதைப் பார்த்து, எந்தச் சுவர் என்று எழுதி, வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் அங்கே விளக்கணைத்து வீட்டுக்குப் போவதற்குள் அனுப்ப வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

அறையில் ஏசி உண்டு. கம்ப்யூட்டர்களுக்காகப் போட்டது. அது மனிதர்கள் மேலும் படுவதை முதலாளி நெல்லையப்பன் அண்ணாச்சி இதுவரை குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழேயிருந்து தவிட்டு வாடையும் சாக்குத் தூசியும் ஏறி வரும். நாலு பேர், நாலு திரை. தஸ்மியா கூரைகளிலிருந்து மாப்பிள்ளையைக் குதிக்கவிடுவாள். ரெக்சன் சுட்டுக்கொண்டே இருப்பான். ஸ்ரீராகவ் இங்கிலீஷில் அறிக்கை எழுதுவான்.

பாக்கியசீலனின் வலது கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. முதலில் வலித்தது, அப்போது பயமாகவும் இருந்தது. இப்போது வலியும் இல்லை, பயமும் இல்லை. சோறு பிசையும்போது சூடு நாலு விரலுக்கு மட்டும் தெரிந்தது. ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஆள்காட்டி விரலால் ஓட்டக் கற்றுக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. விரல் வேலை செய்யாதவனை விரல் வேலைக்கு யார் வைத்துக்கொள்வார்கள்?

ஆட்டம் கடைக்கு வந்து படுத்துவிட்டது. உளவாளி படியில் நடந்தால் முழங்கால் வரை கல்லுக்குள் போகிறது என்று உலகம் சிரித்தது. அந்தப் படியைப் பற்றி இவர்கள் மூன்று முறை எழுதியிருந்தார்கள். ‘தெரியும்’ என்று கம்பெனி பதில் போட்டிருந்தது. அதே ஆட்டத்தில் நீங்கள் யாரிடம் என்ன பொய் சொன்னாலும் அது நினைவில் இருக்கும்; கடைசிக் காட்சியில் அந்த ஆள் வந்து நின்று கேட்பான். அதைக் கண்டுகொண்டவர்கள் கொஞ்சம் பேர். ‘இவ்வளவு ஓட்டையுள்ள எந்த ஆட்டத்தையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை’ என்று எவனோ எழுதியிருந்தான். தஸ்மியா அதைப் படித்துக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சம்பளம் ஏற்கனவே குறைந்திருந்தது.

அன்று விடிகிற நேரத்தில் அண்ணாச்சி ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். முன்பு குளியலறைக் குழாய் விற்றவர். இந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடிப் பார்த்ததில்லை. ஸ்ரீராகவ் போய் வந்தான். ரெக்சன் போய் வந்தான். தஸ்மியா போய் வந்தாள். மூவரும் யார் முகத்தையும் பார்க்காமல் திரைக்குத் திரும்பினார்கள்.

“உக்காருலே பாக்கியம்,” என்றார் அண்ணாச்சி. “கேம் படுத்துட்டு, தெரியும்லா?”

“தெரியும் அண்ணாச்சி.”

“கம்பெனிக்காரன் வேலையைப் பாதியாக் கொறச்சிட்டான். நாலு பேரை வச்சு நான் என்ன செய்ய, படமா மாட்ட? ரெண்டு பேர் போதும். யாரு போவணும்னு நான் சொன்னா பாவம் எனக்கு. நாமெல்லாம் ஒரு குடும்பம். அதான் உங்ககிட்டயே விட்டுட்டேன். ஆளுக்கு ஒரு பேர் சொல்லணும். ஜனநாயகம்.”

பாக்கியசீலனின் நாக்கு நுனிக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஸ்ரீராகவ். அவன் அப்பா வாத்தியார், ஆற்றங்கரையில் சொந்த வீடு; அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். வாயைத் திறந்தான்.

அண்ணாச்சி முன்னால் சாய்ந்தார். “ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்க. மத்த மூணு பேரும் உன் பேரைத்தான் சொல்லிருக்காவ.”

இந்த வசனத்தைப் பாக்கியசீலன் கேட்டிருக்கிறான். மாப்பிள்ளை பிடிபட்டதும் ஓர் அதிகாரி இதே மாதிரி முன்னால் சாய்ந்து, உன் கூட்டாளிகள் எல்லாரும் பேசிவிட்டார்கள் என்பான். பணிந்து பேசலாம், கிண்டல் பண்ணலாம், மிரட்டலாம். மூன்றையும் இவன் அலுக்க அலுக்க ஓட்டிப் பார்த்தவன். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் அதிகாரி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவான். அதையும் எழுதி அனுப்பினான். ‘யாரும் பேசாமல் இருக்க மாட்டார்கள்’ என்று பதில் வந்தது.

பாக்கியசீலன் வாயை மூடிக்கொண்டான். அது ஒன்றும் வீரமில்லை. விரலுக்கு வந்தது நாக்குக்கும் வந்துவிட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

“சொல்லுலே.”

ஏசி ஓடியது.

“என்னலே, வாயில கொழுக்கட்டையா?”

இவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் அண்ணாச்சியின் வாய் பாதி திறந்தபடி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு பாக்கியசீலன் எழுந்து வெளியே வந்தான்.

“நீங்க மூணு பேரும் என் பேரையா சொன்னீங்க?”

 ஸ்ரீராகவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “உன்னை இல்லப்பா. நான் ரெக்சனைச் சொல்லிட்டேன்.”

“ஏலே, நான் ஒன்னையத்தான் சொன்னேன்!” என்றான் ரெக்சன். “நீ என் பேரைச் சொன்னதா அவரு சொன்னாரு. சரி, கணக்குத் தீந்துச்சு. கையக் குடு.”

“நீங்க ரெண்டு பேரும் என் பேரைச் சொன்னதா எங்கிட்டயும் சொன்னாரு,” என்றாள் தஸ்மியா. “ஆளுக்கு ஒரு பேர்தானே? நெல்லையப்பன்னு சொல்லிட்டு வந்தேன்.”

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

“பின்ன? இந்த ஆபீஸ்ல வேலை தெரியாத ஒரே ஆளு அவருதான.”

ரெக்சன் மேசையில் கவிழ்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவே பாக்கியசீலன் வலது கையை நீட்டினான். “எனக்குக் கட்டைவிரல் செத்துப்போச்சு.”

தஸ்மியா முக்காட்டிலிருந்து ஊசியைக் கழற்றிக் குத்தினாள். சிவப்பாய் ஒரு பொட்டு வந்தது. அவன் முகம் மாறவில்லை. அவள் ஊசியைத் துடைத்துத் திரும்பக் குத்திக்கொண்டு, தன் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் பட்டைத்துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. ரெக்சனுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நீளவில்லை. ஸ்ரீராகவுக்குச் சாயங்காலம் ஆனால் பஸ் போர்டு ரெண்டு ரெண்டாகத் தெரியுமாம். வீட்டில் கேட்டால் கண்ணில் தூசி என்பானாம்.

“நல்லா மறைச்சோம்லே மக்கா,” என்றான் ரெக்சன். “அந்த மாப்பிள்ளை நம்மகிட்ட வந்து படிக்கணும்.”

நாலு பேரும் சேர்ந்து கண்ணாடி அறைக்குள் போனார்கள். அண்ணாச்சிக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. யாரும் உட்காரவில்லை.

“யாரும் போவ மாட்டோம் அண்ணாச்சி,” என்றான் பாக்கியசீலன். “வேலை பாதின்னா நாலு பேரும் பிரிச்சுப் பாக்கோம். கைக்கும் கண்ணுக்கும் நீங்கதான் வைத்தியம் பாக்கணும். இங்கன வந்துதான் கெட்டுச்சு.”

“இது என்ன, சங்கமா?”

“நாலு பேரு, அண்ணாச்சி.”

“நாலு பேரும் எறங்குங்கலே! திருநெல்வேலியில கேம் ஆட ஆளா கெடைக்காது? காசு குடுத்தே ஆடுதானுவ. நாளைக்கு வேற ஆளு வருவான்.”

“வரட்டும்,” என்றாள் தஸ்மியா. “அவன்கிட்டயும் கையைக் காட்டுவோம்.”

இறங்கி வந்து குடோன் வாசலில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சுமைதூக்கும் சங்கத்தின் கொடி சாயம் போய்க் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு சுமைக்காரர் சேக் முகம்மது துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“மேல ஏசியில இருக்குத பிள்ளைலுவ இங்கன என்ன?”

பாக்கியசீலன் சொன்னான். விரலையும் காட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உள்ளங்கை சொரசொரவென்று இருந்திருக்க வேண்டும். கட்டைவிரலுக்குத் தெரியவில்லை, மற்ற விரல்களுக்குத் தெரிந்தது.

“சுவத்துல முட்டுததுக்குக் கூலியா?” என்றார். “எங்களைச் சும்மாவே முட்டவிடுதானுவளே.” பிறகு சாக்கு ஒன்றை உதறி விரித்தார். “தரை சுடும். இதுல இருங்க. சாயங்காலம் எங்க சங்கக் கூட்டம் இருக்கு, பைய வாங்க. உங்களை எந்தக் கணக்குல சேக்கதுன்னு எனக்குத் தெரியாது. பேசிப் பாப்போம்.”

மேலே ஜன்னல் திறந்தது. அண்ணாச்சியின் கையில் போன் மினுங்கியது. கம்பெனிக்காரன் அறிக்கை எங்கே என்று கேட்டிருப்பான்.

“ஏலே பாக்கியம்! நீ மட்டும் மேல வா. பேசிக்கிடுவோம்.”

நாலு பேரும் எழுந்தார்கள். சேக் முகம்மது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மாடிப்படி ஒடுக்கமானது. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள். தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் ரெண்டு பேராக ஏறலாம்.