ஏழு தகப்பன்மார்

திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியை லோரெட்டா திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து தரையில் படர்ந்தது. அல்சீட் பிட்ரே இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவருடைய சட்டைப் பையில் மிளகாய்ச் சாறு பாட்டில் எட்டிப் பார்த்தது. அறுபத்து மூன்று வயதில் மனிதர் தொப்பியில்லாமல் வீட்டை விட்டு இறங்கினாலும் இறங்குவார், அது இல்லாமல் இறங்கமாட்டார். சிப்பிக்காரனுக்கு எங்கே பசிக்கும் என்று யார் கண்டது?

போன கோடையில், வளைகுடாவிலிருந்த தன் சிப்பித் திட்டிலிருந்து ஒரு கூடைச் சிப்பியை, குஞ்சு பொரிக்கவைக்கும் இந்தப் பொரிப்பகத்துக்கு அவரே கொண்டுவந்தார். ஆண் சிப்பியின் விந்தை உறைய வைத்தால் எத்தனை வருடமானாலும் கெடாது என்று இங்கே வேலை பார்க்கும் லோரெட்டா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்ததில் ஆண் என்று தேறியது ஏழு. விந்தைச் சுரண்டி மெல்லிய குழல்களில் அடைத்துவிட்டு, மிச்சச் சதையை அவள் குப்பையில் போடப் போனபோது அல்சீடுக்கு வயிறு எரிந்தது. பிடுங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, மிளகாய்ச் சாறு தெளித்து, ஏழையும் விழுங்கினார்.

இந்த வசந்தத்தில் மிஸிஸிப்பி ஆறு பெருகி நன்னீர் வளைகுடாவில் நிறைந்தது. உப்பில்லாத நீரில் சிப்பி பிழைக்காது. திட்டு மொத்தமும் செத்தது. வாரிய இடமெல்லாம் வாய் பிளந்த வெறும் ஓடு. மற்றவர்கள் வேறு குஞ்சு வாங்கிப் போட்டார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. கிண்ணம்போல் குழிந்த அந்த ஓடு அவர் திட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. இப்போது அந்த வம்சம் இருப்பது இந்தத் தொட்டிக்குள் மட்டும்தான். முட்டைக்கு, வெள்ளம் எட்டாத மச்சான் திட்டிலிருந்து பெண் சிப்பிகள் வந்து காத்திருந்தன.

லோரெட்டா முதல் குழலை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, நுண்ணோக்கியில் குனிந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணும் அசையலண்ணே."

இரண்டாவதும் அப்படியே.

"என் பாவந்தான் தாயி," என்றார் அல்சீட். "அன்னைக்குக் கூடையில பெருசா ஒண்ணு இருந்துச்சு. உங்கிட்ட காட்டாம வழியிலயே தின்னுட்டேன். அதக் குடுத்திருந்தா..."

லோரெட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கா இத்தன மாசமா மூஞ்சியத் தொங்கப்போட்டிருந்தீங்க? சிப்பி சின்னதுல ஆம்பள, வயசானா பொம்பள. அவ்ளோ பெருசுன்னா பொம்பளையாத்தான் இருந்திருக்கும். முட்டைய உறைய வைக்க எனக்குத் தெரியாது. முப்பது வருஷமா அள்ளுறீங்க, இதுகூடத் தெரியாதா?"

"அள்ளுனேன், தின்னேன். ஆம்பளையா பொம்பளையான்னு நான் எங்க கேட்டேன்?"

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது.

மூன்றாவது குழல். இந்த முறை அவள் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்தி இடம் விட்டாள்.

"வந்து பாருங்க. கூட்டம் கூட்டமா ஓடுறானுங்க."

அல்சீட் ஓரடி வைத்தார், நின்றார், திரும்பி வாசலுக்கு நடந்தார்.

"எங்க போறீங்க?"

"இரு தாயி. இத வெளிய வச்சிட்டு வரேன். பாத்தா பயந்துக்குவானுங்க."

அன்று உட்கார்ந்து தின்ற அதே படியில் வெயில் விழுந்திருந்தது. பாட்டிலை அதன்மேல் வைத்தார். உள்ளே வந்து இரு கைகளையும் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மெல்லக் குனிந்தார்.