சிறுத்துப்போன இறக்கை

கோவிந்தசாமியின் ஜெராக்ஸ் கடையில் காலை எட்டு மணிக்குத் தன் பிளஸ் டூ மாணவர்களுக்கான வினாத்தாளை நகலெடுக்கக் காத்திருந்தாள் ஆசிரியை மங்கை. மனம் அங்கே இல்லை. இரண்டாம் உலகப் போரில் வரைந்து, செய்யாமலே கைவிட்ட போர் விமானங்களைப் பற்றிய அவளுடைய புத்தகம் அன்று மாலை சென்னையில் அச்சேறுகிறது.

அதில் ஒரு விமானத்துக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வரைபடத் தாள். வடிவமைத்த பொறியாளரின் மகள் ஹெலன் அதை இங்கிலாந்திலிருந்து நம்பி அனுப்பியிருந்தாள். மங்கை இதே கடையில் நகலெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பி அனுப்பினாள். நகலை ஸ்கேலால் அளந்து, மூலையில் குறித்திருந்த விகிதத்தால் பெருக்கினாள். தாளில் எழுதியிருந்த எடைக்கு அந்த இறக்கை போதவில்லை. பொறியாளரின் பிழையால்தான் கைவிட்டார்கள் என்று எழுதினாள். ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பிய அத்தியாயத்தைப் படித்த ஹெலன் ஒரு வரிதான் அனுப்பினாள்: அப்பா சாகும்வரை தன் கணக்கையே சந்தேகப்பட்டார்.

தொண்டூர் ராஜாங்கம் தன் நிலத்தின் சர்வே வரைபட நகலோடு கடைக்குள் வந்தார்.

"இன்னாய்யா, என் நெலத்த நீயே சுருட்டிக்கினியா? சர்வேயர் அளந்து பாத்துட்டு, இது உன் நெலமே இல்லன்றாரு."

"ஏ ஃபோர்ல அடங்க வேணாமா மாமா? பெரிய தாள் வந்தா கொஞ்சம் சின்னதாக்கித்தான் போடுவேன். எல்லாருக்கும் அப்டித்தான்."

மங்கை குறுக்கிட்டாள். ஹெலன் அனுப்பிய தாளையுமா என்று கேட்டாள். அதையும் சின்னதாக்கி, ஓரம்கூட வெட்டுப்படாமல் எடுத்துத் தந்ததாகப் பெருமையாகச் சொன்னான் கோவிந்தசாமி.

வினாத்தாளை மறந்து வீட்டுக்கு ஓடினாள். அந்த விமானத்துக்கான எஞ்சினின் உண்மை அளவு அச்சான கையேடுகளில் உண்டு. நகலில் எஞ்சினை அளந்தாள். அதுவும் சிறுத்திருந்தது. அதே விகிதத்தில் இறக்கையின் அளவைக் கூட்டிப் பார்த்தாள். தாராளமாகப் போதும். அந்த மனிதர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார்.

யார் அளக்கப் போகிறார்கள்? மூலம் ஹெலனிடம் இருக்கிறது. அவள் ஸ்கேலை எடுக்க மாட்டாள். இப்படி நினைத்ததுமே மங்கைக்கு வெட்கமாக இருந்தது. பொறியாளரின் பிழையைக் கண்டுபிடித்ததாக நம்பிய அன்று வீட்டில் பாயசம் வைத்தது ஞாபகம் வந்தது. இறந்துபோன ஒருவர் தவறியதில் தனக்கு அத்தனை சந்தோஷமா?

பதிப்பாளர் அமிர்தவல்லிக்குப் போன் போட்டு, பிழை பொறியாளருடையது இல்லை என்று விளக்கி அச்சை நிறுத்தச் சொன்னாள். அச்சுப் பிளேட்டெல்லாம் போட்டாச்சு என்று அவர் சலித்துக்கொண்டார்.

"அப்ப எதுக்குத்தான் கைவிட்டாங்க?"

"தெரியலைக்கா. தெரியலைன்னே போடலாம்."

இணைப்பைத் துண்டித்தார் அமிர்தவல்லி.

மங்கை ஹெலனுக்கு எழுத உட்கார்ந்தாள். உங்கள் அப்பாவின் கணக்கு சரி, தவறு என்னுடையது என்று தொடங்கி, நகல் சிறுத்த கதையை மறைக்காமல் எழுதி அனுப்பினாள். சற்றுநேரத்தில் போன் அதிர்ந்தது. நிறுத்தியாகிவிட்டது, பக்கத்தைத் திருத்தி அனுப்பு என்று அமிர்தவல்லி.

ஹெலனின் ஊரில் இன்னும் விடிந்திருக்காது.