கலங்கலில் அடைத்த மண்

ஏரி நிறைந்ததில் கண்ணாயிரத்துக்கு வந்த பெருமையைப் பார்த்தால், ஏரியை அவரே பெற்று வளர்த்தார் என்று தோன்றும்.

படாளத்துக்கு அருகே எங்கள் ஊர். மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் கற்களுக்கு நடுவே களிமண்ணும் புல்கட்டியும் வைத்து அடைப்போம். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். மழைக்காலத்துக்குப் பின் நடும் நவரைப் பயிர் பிழைக்கும். ஆனால் ஏரிக்கு உள்வாயில், தண்ணீர் ஏறும் பக்கத்தில், நிலம் உள்ளவர்களின் பயிர் அந்த ஒரு முழத்தில் முழுகும். அவர்கள் அடைப்பைப் பிடுங்காமலிருக்கக் காவல் போடுவது வழக்கம். காவலுக்குத் தலைவர் கண்ணாயிரம். கலங்கலில் தடியும் முண்டாசுமாக அதிகாரம் செய்வார். வீட்டில் மட்டும் மனைவி சம்பூர்ணத்தின் ஆட்சி.

அந்த வருஷம் மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஐப்பசியிலேயே அடைத்துவிட்டார். கெட்டிக்காரர் என்று தெருவே மெச்சியது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், கடைத்தெருவில் ரேடியோ வைத்திருந்த ஜெயினுலாபுதீன் பாய் மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். மாமல்லபுரத்துப் பக்கம் புயல் கரையேறப் போகிறதாம். எல்லப்பன் மண்வெட்டியோடு கலங்கலுக்கு ஓடினான். கரைக்கு நேர் கீழே பள்ளத்தெருவில் அவன் வீடு. அவன் மனைவி சின்னப்பொண்ணு பிள்ளை பெற்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ஆனால் அவன் அக்காளைக் கட்டிக்கொடுத்தது உள்வாய்க்காரனுக்கு. சந்தேகப்பட அது போதாதா?

"இன்னாடா, மம்முட்டியோட வந்துகினு கீற? மச்சான் இன்னா குடுத்தான்?" என்றார் கண்ணாயிரம்.

"அண்ணாத்த, புயல் வருதுன்னு ரேடியோல சொல்றான். கர ஊறிப் போயி கீது. தொறந்து வுடு. எம் பொண்டாட்டி பச்சப்புள்ளயோட கீழ கீறா."

"ரேடியோவும் ஒன் மச்சான் வூட்டுதா?"

காவல்காரர்கள் சிரித்தார்கள். மண்வெட்டியைப் பிடுங்கி, அவனைப் புங்கமரத்தில் கட்டினார்கள்.

"தொறக்க வாணாம். அவுத்து வுடு, அவளயாவது தூக்கிகினு போறேன்!"

"போயி மச்சான் ஆளுங்கள கூட்டியாறதுக்கா? கம்முனு கெட."

இருட்டுவதற்குள் கரை உடைந்தது. உடைந்த இடம் பள்ளத்தெருவுக்கு நேர் மேலே. சத்தம் கேட்டதும் கண்ணாயிரமே ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் கயிறு ஊறி இறுகியிருந்தது. அரிவாள் தேடி எடுத்து வந்து அறுப்பதற்குள் பள்ளத்தெருவே இல்லை. சின்னப்பொண்ணு கருங்குழி போகும் வழியில் வயலில் கிடைத்தாள். குழந்தை கிடைக்கவில்லை.

ஜீப்பில் வந்த அதிகாரிகள் நிறையப் பேசினார்கள். தை பிறக்காமல் அடைப்பதில்லை என்று ஊர் கூடி முடிவு செய்தது. காவல் யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. எல்லப்பனுக்குத்தான்.

அடுத்த தையில் முறைப்படி அடைத்தார்கள். ஒரு மேகம் கடந்து போயிற்று, நாலு தூறல். எல்லப்பன் அத்தனை அடைப்பையும் பிடுங்கிப் போட்டான். மறுபடி அடைத்தார்கள், மறுபடி மேகம், மறுபடி பிடுங்கினான். நவரைப் பயிர் வெளுத்துக்கொண்டே வந்தது. கேட்கக் கிளம்பியவர்கள் கலங்கல் வரை போய்த் திரும்பினார்கள்.

"போயி கேளேன்யா, பயிரு காயுதே!" என்று சம்பூர்ணம் விரட்டியதால் கண்ணாயிரம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இந்தக் கூத்தை விட மனமில்லாமல் நாங்களும் பின்னாலேயே போனோம்.

எல்லப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. கலங்கலில் அடைத்திருந்த களிமண்ணில் ஓங்கி வெட்டினான். மண்வெட்டியின் காம்பு முறிந்தது. கையாலேயே தோண்ட ஆரம்பித்தான்.

கண்ணாயிரம் தோளில் இருந்த தம் மண்வெட்டியை இறக்கி அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, காய்ந்த வயல் வழியாக வீட்டுக்கு நடந்தார்.